பழைய கேரவன் வாங்கப் போறீங்களா? வண்டிக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க!

கொரட்டூர் ஈஸ்ட் அவென்யூ பக்கம் ஒரு மரத்தடியில் பழைய டெம்போ டிராவலர் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலில் பூப்போட்ட திரை. கூரையில் சோலார் பேனல். உள்ளே எட்டிப் பார்த்தால் மடக்குக் கட்டில், குட்டி சிங்க், பிளைவுட் அலமாரி. "சார், இதுல ஏறி உட்கார்ந்தீங்கன்னா லடாக் வரைக்கும் ரூம் வாடகையே கிடையாது" என்பார் புரோக்கர். ஐ.டி. வேலை, வொர்க் ஃப்ரம் ஹோம், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

வரட்டும், தப்பில்லை. ஆனால் இந்த வண்டியில் கட்டிலும் சிங்க்கும் பார்த்து விலை பேசுகிறவர்கள்தான் அதிகம். பேச வேண்டிய விஷயம் வேறு இடத்தில், ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டையில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து, அது கேரவனா, இல்லை செக்போஸ்ட்டில் ஓரங்கட்டப்படப் போகும் வேனா என்பது முடிவாகும்.

நம்ம ஊரில் 'கிளாசிக்' கேரவன் என்றால் எது?

வெளிநாட்டுப் படங்களில் வரும் அந்த ஃபோக்ஸ்வேகன் வேன் இங்கே வழக்கமான வழியில் கிடைக்காது. பயன்படுத்திய வாகனத்தை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால், பொதுவாக அது மூன்று வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். 1980-களின் ஜெர்மன் கேம்பர் இந்த இரண்டிலுமே அடிபட்டுப்போகும்.

அப்படியும் கோவா பக்கம் சில வெளிநாட்டு வேன்கள் "சீப்பா வருது" என்று காதில் விழும். ஐரோப்பாவிலிருந்து சாலை வழியாக வரும் பயணிகள் 'கார்னெட்' என்கிற தற்காலிக அனுமதியில் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். சுங்கவரி கட்டாமல் உள்ளே விடுவதே, திரும்ப வெளியே கொண்டுபோவேன் என்ற உறுதியின் பேரில்தான். அந்த வண்டியை இங்கே வாங்கினால் உங்கள் பெயருக்கு மாற்றவே முடியாது. வாங்கிய அன்றே அது சுங்கத்துறை தேடும் பொருள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அப்போது மிச்சம் இருப்பது நம்ம ஊர் பழைய வேன்கள். 1970, 80-களில் பால் வண்டி, ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ் என்று எல்லா வேஷமும் கட்டிய மெட்டடார். சென்னைக்கே சொந்தமான 'ஸ்டாண்டர்ட் 20' வேன். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையின் தயாரிப்பு. இதில் முழுசாக ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். 1980-களின் பிற்பகுதியில் வந்த டெம்போ டிராவலர்தான் இன்றைக்குச் சந்தையில் அதிகம். மெர்சிடஸ் வேனின் உடம்பு, மெர்சிடஸ் வழிவந்த டீசல் இன்ஜின் என்பதால் மெக்கானிக்குகளுக்குப் பழகிய வண்டி. ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், வீல் போன்றவற்றைச் செய்யும் பெரிய கம்பெனிகள் கொரட்டூருக்குப் பக்கத்துப் பாடியிலேயே 1960-களிலிருந்து இருக்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. பழைய வண்டியை வைத்துக் காலம் தள்ள இதைவிட நல்ல ஏரியா சென்னையில் குறைவு.

பழைய வேனை வீடாக்குவது புதுசும் இல்லை. 1982-ல் என்.டி.ராமாராவ் ஒரு பழைய செவர்லே வேனை மாற்றியமைத்து, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து, அதிலேயே படுத்து எழுந்து ஆந்திரா முழுக்கச் சுற்றினார். இன்றைக்கு அப்படிச் செய்தால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது?

இதுதான் விஷயத்தின் மையம். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் 'வாகன வகை' என்று ஒரு வரி வரும். வாகன் பதிவேட்டில் 'மோட்டார் கேரவன்' என்று ஒரு வகை தனியாகவே உண்டு. 'கேம்பர் வேன் - சொந்த உபயோகம்' என்று இன்னொன்றும் உண்டு. இந்த இரண்டில் ஒன்று அங்கே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பெரும்பாலும் அப்படி இருக்காது. 'ஆம்னி பஸ்', 'மேக்ஸி கேப்' என்று இருக்கும். கம்பெனி ஊழியர்களை ஏற்றிய வண்டி என்றால் 'பிரைவேட் சர்வீஸ் வெஹிக்கிள்' என்று இருக்கும். காகிதத்தில் 12 சீட், உள்ளே 2 கட்டில். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். சீட்டைக் கழற்றியது ஒன்று, கூரையை வெட்டியது ஒன்று, பக்கவாட்டில் ஜன்னல் திறந்தது ஒன்று. மாற்றியது முந்தைய ஓனர்தான் என்று சொல்லித் தப்பிக்க நினைத்தால், ரோட்டில் மாட்டும்போது வண்டி யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இது ஏட்டுச் சட்டம் மட்டும் என்று நினைப்பவர்கள் 2021 ஆகஸ்ட்டை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். கேரளாவின் பிரபல யூடியூப் சேனலான 'இ புல் ஜெட்' நடத்திய சகோதரர்களின் 'நெப்போலியன்' என்கிற டிராவலர் கேரவனை, சட்டவிரோத மாற்றங்கள், வரி பாக்கி என்று சொல்லி கண்ணூர் மோட்டார் வாகனத் துறை பிடித்துவைத்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் நடந்த தகராறில் இருவரும் கைதானார்கள். வண்டியின் பதிவும் நிறுத்திவைக்கப்பட்டது. லட்சக்கணக்கான சப்ஸ்கிரைபர்கள் இருந்தவர்களுக்கே இந்தக் கதி.

சரி, சட்டப்படி கேரவன் என்றால் என்ன? அதற்கென்று ஏ.ஐ.எஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. உட்கார இருக்கையும் மேஜையும், படுக்கும் வசதி, சமைக்கும் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை குறைந்தபட்சம் இருக்க வேண்டும். அவை வண்டியோடு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மேஜையை மட்டும் கழற்றி எடுக்கும்படி வைக்கலாம். இந்தத் தரத்தில் கட்டப்பட்டு, சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்று, கேரவனாகவே பதிவான வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குவதுதான் நேர்வழி. விலை கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் விலை கட்டிலுக்கு இல்லை, காகிதத்துக்கு.

வேனாகப் பதிவான வண்டிதான் பிடித்திருக்கிறது என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் விற்பவரே அதை கேரவன் வகைக்கு மாற்றித் தரட்டும் என்று கேளுங்கள். "அதெல்லாம் ஈசி சார், ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்றால், முடித்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. சீட்டைத் தொடாமல், எதையும் போல்ட் அடிக்காமல், இறக்கி ஏற்றக்கூடிய மெத்தை, மடக்கு மேஜை, ஐஸ் பெட்டி என்று வைத்துக்கொள்வது. அது வண்டிக்குள் இருக்கும் சாமான், வண்டியின் பாகம் இல்லை. பார்க்க இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் மாதிரி இருக்காது. ஆனால் ராத்திரி தூங்கலாம், போலீஸைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா?

பழைய டிராவலர்களில் பெரும்பாலானவை வாடகைக்கு ஓடிய டி-போர்டு வண்டிகள். அதைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும், வரி பாக்கி இல்லை என்று காட்ட வேண்டும், ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். மாற்றாமலே ஓட்டினால் எஃப்.சி. செலவு தொடரும், எட்டு வருஷம் தாண்டிய வர்த்தக வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். பழைய வர்த்தக வண்டிகளுக்கான அந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் வயதுக்கு ஏற்ப பல மடங்கு உயர்த்தியது.

சொந்த உபயோக வண்டி என்றால் முதல் பதிவிலிருந்து 15 வருஷம். அதன்பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய இலகுரக வாகனத்துக்குப் புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்டிலிருந்து, 20 வருஷம் தாண்டியிருந்தால் 10,000 ரூபாய். இறக்குமதி வண்டியாக இருந்தால் 80,000. ஜி.எஸ்.டி.யும் தமிழ்நாட்டின் பசுமை வரியும் இதில் சேராது.

"50 வருஷம் ஆச்சுன்னா வின்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாமே?" என்று ஒரு யோசனை வரும். 2021-ல் வந்த வின்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி, 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி நம்பர் வாங்கலாம். பத்து வருஷம் செல்லும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, அன்றாட உபயோகத்துக்கும் ஓட்டக் கூடாது. கட்டில் போட்ட மெட்டடாருக்கு இந்தக் கதவும் திறக்காது.

இரண்டு மலிவு வண்டிகளைப் பற்றி எச்சரிக்கை. ஒன்று, டெல்லி நம்பர். அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு இருக்கும் கெடுபிடியால் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். வண்டி நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, இங்கே வரி என்று கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போகும். இன்னொன்று, அரசு ஏலத்தில் வந்த பழைய ஆம்புலன்ஸ். 2023 ஏப்ரல் 1 முதல் அரசுத் துறை, பொதுத்துறை நிறுவன வண்டிகளின் பதிவை 15 வருஷத்துக்குப் பிறகு புதுப்பிக்க முடியாது. அந்த வயதைக் கடந்து ஏலத்துக்கு வந்திருந்தால், அது ஓட்டுவதற்கான வண்டி இல்லை, உடைப்பதற்கானது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

காலையில், முதல் ஆளாகப் போங்கள். இன்ஜின் ஆறிக் கிடக்க வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பார்த்து சூடாக இருந்தால், "ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். பழைய டீசல் இன்ஜினின் வண்டவாளம் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போதுதான் தெரியும். முதலில் கொஞ்சம் புகை வந்து நின்றால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ரயில் மாதிரி புகை குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

இன்ஜினைக்கூட சரிசெய்துவிடலாம். துரு அப்படியில்லை. தரையில் போட்டிருக்கும் வினைல் விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். கேரவனாக மாற்றிய வண்டியில் சிங்க் தண்ணீர் கசிந்து, பிளைவுட்டுக்கு அடியில் தகடு மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். வீல் வளைவு, கதவின் அடிவிளிம்பு, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் சேஸியில் மாட்டும் இடம் ஆகிய மூன்றையும் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்'கென்று கேட்டால் இரும்பு. 'பொத்'தென்று கேட்டால் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

இந்த ஏரியாவில் வாங்கும்போது இன்னொரு சோதனை கட்டாயம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கொரட்டூர், அம்பத்தூர் பகுதிகள் எப்படி மிதந்தன என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிப்பக்கத் தெருவில் நின்ற வண்டி என்றால், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்சுருளில் சேற்றுக்கோடு இருக்கும். சீட் அடியில் உள்ள போல்ட்டுகள், டேஷ்போர்டு பின்னால் ஒயர் முனைகள், ஹெட்லைட் உள்பக்கம் ஆகிய இடங்களை வாஷ் பண்ணுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். இன்ஷூரன்ஸ் பழைய கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

அப்புறம் ஒரு எடை மேடை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லாரிகளுக்காக நிறைய இருக்கின்றன. வண்டியை அங்கே ஏற்றி நிறுத்தி, வரும் எடையை ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையோடும் மொத்த எடை வரம்போடும் ஒப்பிடுங்கள். நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் நூறு கிலோ. பேட்டரி, இன்வெர்ட்டர், கூரை ஏ.சி., பிளைவுட் என்று சேர்ந்தால், நீங்கள் ஏறுவதற்கு முன்பே வரம்பு தாண்டியிருக்கலாம். அந்தப் பிரேக்கோடு கொல்லிமலை வளைவில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

டயரில் தேய்மானத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நின்றே கிடந்த கேரவனின் டயர் புதுசு போலவே இருக்கும், வயது பத்தாகியிருக்கும்.

கேஸ், ஜெனரேட்டர்: உயிர் விஷயம்

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி. போட்டுத் தூங்கியவர்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களின் ஆய்வு சொன்னது. வாயு உள்ளே வந்த வழி, வண்டியின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சுத் திணறி எழுந்து கதவைத் திறக்கவும் விடாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். அதனால்தான் தரை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது வெறும் துரு விஷயம் இல்லை. பைப் போகத் துளைத்து அடைக்காமல் விட்ட ஓட்டை, ஒயர் இழுத்த ஓட்டை, துரு தின்ற ஓட்டை எல்லாமே புகைக்கு வாசல். ஜெனரேட்டர் வண்டிக்குள்ளோ அடியிலோ பொருத்தியிருந்தால், கழற்றிவிட்டு பேட்டரிக்கு மாறும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றைப் படுக்கைப் பக்கத்தில் மாட்டுவது கண்டிப்பாக வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

சிலிண்டர் அடுத்தது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே எடுத்துவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். கேரவன் அதைவிடச் சின்ன பெட்டி, பெரும்பாலும் ஒரே கதவு. வீட்டு சிலிண்டரை அலமாரிக்குள் வைத்து ரப்பர் குழாய் இழுத்திருக்கும் வண்டியைப் பார்த்தால், அதைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். சமையலைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொள்வது நம்ம ஊர் வெயிலுக்கும் நல்லது.

எலக்ட்ரிக்கலில் ஒரே ஒரு கேள்வி போதும்: "பேட்டரியிலிருந்து வரும் மெயின் ஒயரில் ஃபியூஸ் எங்கே இருக்கு?" உடனே கைகாட்டினால் வேலை தெரிந்தவர் செய்தது. தலையைச் சொறிந்தால், ஒயரிங் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

லைசென்ஸ், பார்க்கிங்

லைசென்ஸ் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம்; அது வர்த்தக வண்டியாக இருந்தாலும் தனி ஒப்புதல் தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிவிட்டது. பார்க்கிங்தான் தினசரித் தலைவலி. அபார்ட்மென்ட் ஸ்லாட்டில் நுழையாது, ஹவுசிங் போர்டு தெருவில் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கூரையில் ஏ.சி., சோலார் பேனல் இருந்தால் மொத்த உயரத்தை டேப் வைத்து அளந்து, டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவையுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை முன்னால் நின்று யோசிக்கக் கூடாது.

பணம் எப்போது கொடுப்பது?

சேஸி நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிட்ட பிறகு. லோன் பாக்கி இருந்ததாகக் காட்டினால், அது தீர்ந்ததற்கான படிவம் 35-ஐயும் வங்கிக் கடிதத்தையும் பார்த்த பிறகு. திருட்டு வண்டியா என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் பார்த்த பிறகு. பழைய வேன்களில் அடிக்கடி வரும் இன்னொரு சிக்கல், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் இறந்துபோயிருப்பது. மகன் கையெழுத்துப் போட்டால் செல்லாது. முதலில் படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாற்றி, அங்கிருந்துதான் உங்களுக்கு வர வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, உங்கள் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். "வெள்ளை ஃபார்ம்ல சைன் போட்டுத் தர்றேன், அப்புறமா மாத்திக்குங்க" என்பதற்கு இரண்டு பக்கமும் சம்மதிக்கக் கூடாது. பல கை மாறிய வண்டி விபத்தில் சிக்கினாலும், பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றவருக்கு அது தலைவலி. வாங்கியவருக்கோ, இன்ஷூரன்ஸ் இன்னொருவர் பெயரில் இருக்கும் வண்டியில் ஊர் சுற்றும் தலைவலி.

இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பெயர் மாற்றும்போதே, வண்டிக்குள் கட்டில், பேட்டரி, சோலார் எல்லாம் இருக்கிறது என்பதை எழுத்தில் சொல்லி, அதைப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம், கிளெய்ம் கேட்கும்போதுதான் கம்பெனியின் கண்ணில் படும். மீதிப் பணத்தை, பெயர் மாற்ற விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த அன்று கொடுத்தால் போதும்.